காற்றால் குளிரும் எஞ்சினுக்கு டர்போ பொருத்துதல்: பழைய பீட்டிலை முன்வைத்து ஒரு செய்முறை

புதுச்சேரியில் கத்திரி வெயில் நாட்களில், பிற்பகல் கடற்காற்று எழும்பும் வரை, நிழலிலேயே வெப்பமானி 38 டிகிரியைத் தாண்டி நிற்கும். ரேடியேட்டரும் தண்ணீரும் இல்லாமல், ஒரு விசிறி தள்ளும் காற்றையும் இரண்டரை லிட்டர் ஆயிலையும் மட்டுமே நம்பி ஓடும் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சினுக்கு அந்தக் காற்றே குளிர்பானம். அப்படிப்பட்ட எஞ்சினில் டர்போ (புகையின் விசையில் டர்பைன் சக்கரம் சுழல, அதோடு சேர்ந்து சுழலும் கம்ப்ரசர் சக்கரம் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அமுக்கும் கருவி) பூட்ட விரும்புகிறவர் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்று கேட்பதற்கு முன்னால், கூடப்போகும் சூடு எந்த வழியாக வெளியேறும் என்று கேட்க வேண்டும். நான் என் வண்டியில் இந்த வேலையைத் தலைகீழாகச் செய்தேன். டர்போவை முதலில் வாங்கினேன், சூட்டைப் பற்றிக் கடைசியில் யோசித்தேன். அதனால் இரண்டு முறை எஞ்சினை இறக்க நேர்ந்தது. கீழே வருவது நான் மூன்றாவது முறை செய்த வரிசை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1,584 கன செ.மீ. கொள்ளளவும் இரட்டைத் துளை ஹெட்டும் (சிலிண்டர்களின் தலைமூடி) கொண்ட எஞ்சின். பிஸ்டனின் விட்டம் 85.5 மி.மீ., ஓட்டம் 69 மி.மீ., தொழிற்சாலை கொடுத்த திறன் சுமார் 50 குதிரைத்திறன். அரை பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டலத்தின் அழுத்தம்) கூடுதல் அழுத்தத்தில் அதை ஏறக்குறைய 80-க்குக் கொண்டுவருவதே இந்தச் செய்முறையின் நோக்கம். 150 வேண்டும் என்பவர்கள் வேறு கிராங்க், வேறு ஹெட், வேறு கியர்பாக்ஸ் என்று தொடங்க வேண்டியிருக்கும். அது வேறு கதை, வேறு பர்ஸ்.

சட்டத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி அதில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. பதிவு எண் பி.ஒய். 01 ஆனாலும் டி.என். 31 ஆனாலும் இது பொருந்தும். எனவே டர்போ பூட்டிய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவதற்காக இதை எழுதவில்லை. இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடத்துக்கு டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வண்டிக்கானது இது. கிழக்குக் கடற்கரைச் சாலை எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி.

தொழிற்சாலைகள் செய்ததிலிருந்து

காற்றால் குளிரும் எஞ்சினில் டர்போ வைப்பது புதுமையல்ல. 1962-இல் ஷெவர்லே நிறுவனம் தன் கார்வேர் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் டர்போவைப் பூட்டி 150 குதிரைத்திறன் எடுத்தது. அதில் வேஸ்ட்கேட் (அழுத்தம் மிகும்போது புகையை டர்பைனைச் சுற்றி வெளியே விடும் வால்வு) கிடையாது; புகைப்போக்கியின் நெருக்கடியே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியது. போர்ஷே 1975-இல் வெளியிட்ட 911 டர்போ மூன்று லிட்டர் எஞ்சினில் 260 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அதற்காக அமுக்க விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கை) 6.5-க்கு இறக்கியிருந்தார்கள். 1978-இல் 3.3 லிட்டருக்கு மாறியபோதுதான் பின்பக்கச் சிறகின் அடியில் இன்டர்கூலர் வந்தது, அமுக்க விகிதமும் 7-க்கு ஏறியது. உள்ளே போகும் காற்றைக் குளிர்வித்த பிறகே அமுக்கத்தைக் கூட்டும் துணிவு அவர்களுக்கே வந்தது என்பதை நினைவில் வைத்தால், நம் வேலையில் பல முடிவுகள் தாமாகவே அமைந்துவிடும்.

முதல் வேலை: இருக்கும் சூட்டை ஒழுங்குபடுத்துதல்

டர்போ இல்லாத நிலையிலேயே எஞ்சின் குளிர்ச்சியாக ஓட வேண்டும். பீட்டிலின் எஞ்சின் அறையில், மேல்பக்கம் குளிர்ந்த காற்றுக்கும் கீழ்ப்பக்கம் சூடான காற்றுக்குமாக இரண்டு உலகங்கள் உண்டு. அவற்றைப் பிரிப்பவை எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டு மூடிகளும் ஓரத்து ரப்பர் பட்டையும். நம் ஊரில் கைமாறி வந்த வண்டிகளில் இந்தத் தகடுகளில் பாதி இருக்காது. 'எதற்கு இந்த வேண்டாத தகரம்' என்று யாராவது கழற்றி எறிந்திருப்பார்கள். ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் கீழே வெளியேறிய சூடான காற்றை விசிறி மறுபடியும் உறிஞ்சி அதே சிலிண்டர்களின் மேல் வீசும். டர்போ வந்தபின், சிவக்கச் சூடாகும் ஒரு இரும்பு உருண்டை அந்தக் கீழ் உலகத்தில்தான் தொங்கப்போகிறது. ஆகவே ஒவ்வொரு தகட்டையும் தேடிப் பூட்டுங்கள். கிடைக்காததைத் தகர வேலைக்காரரிடம் அளவு கொடுத்து வெட்டி வாங்குங்கள். ரப்பர் பட்டையைப் புதிதாகப் போடுங்கள்.

அடுத்தது மூன்றாம் சிலிண்டர். 1970 வரை வந்த எஞ்சின்களில் ஆயில் கூலர் விசிறிக் கூண்டுக்குள், மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் பாதையிலேயே நிற்கும். ஆயிலின் சூட்டை வாங்கிய காற்றுதான் அந்தச் சிலிண்டருக்குக் கிடைக்கும். இந்த எஞ்சின்களில் முதலில் எக்ஸாஸ்ட் வால்வு முறிவது பெரும்பாலும் மூன்றாம் எண்ணில் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1971 முதல் கூலரைத் தனி அறைபோல் ஒதுக்கி, அதன் சூட்டை வெளியே தள்ளும் அமைப்பு வந்தது. உங்களுடையது பழைய கூண்டு என்றால் மாற்றிவிடுங்கள். டர்போவுக்கு வைத்திருக்கும் பணத்தில் கைவைக்க வேண்டியிருந்தாலும் மாற்றுங்கள்.

மூன்றாம் சிலிண்டரின் பிளக்குக்கு அடியில் வளைய வடிவ வெப்ப உணரியைப் பொருத்தி, அதன் முள்ளை ஓட்டுநரின் கண்ணில் படும்படி வையுங்கள். நான் 200 டிகிரியில் காலைத் தளர்த்துகிறேன். 230 வந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது என்று கொள்கிறேன். ஆயிலுக்கும் ஒரு வெப்பமானி வேண்டும்; 110 டிகிரிக்குக் கீழே இருந்தால் நிம்மதி. டர்போ இல்லாமலேயே கத்திரி வெயிலில் இந்த எல்லைகளைத் தொடுகிற எஞ்சினில் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு சொல். உப்புக்காற்றில் சிலிண்டரின் வார்ப்பிரும்பு ஃபின்கள் துருப்பிடித்து, இடுக்குகளில் துரு அடைத்துக்கொள்ளும். கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கறுப்பு வண்ணத்தை மெல்லிசாக ஒரே பூச்சு பூசுங்கள். அழகுக்காக மூன்று பூச்சு பூசினால் அதுவே போர்வையாகிவிடும்.

கணக்கும் டர்போவின் தேர்வும்

கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டர்போவை வாங்குவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். நான்கு ஓட்ட எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை உறிஞ்சும். நிமிடத்துக்கு 4,500 சுற்றில், 80 விழுக்காடு நிரம்புகிறது என்று வைத்தால், ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 2,850 லிட்டர் காற்று உள்ளே போகும். 38 டிகிரிக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு, 70 விழுக்காடு திறமையுள்ள கம்ப்ரசர் அமுக்கினால் காற்று சுமார் 55 டிகிரி சூடேறி 93 டிகிரியில் வெளிவரும். அந்த அடர்த்தியில் எடை பார்த்தால் நிமிடத்துக்கு நான்கு கிலோ காற்று. டர்போ தயாரிப்பாளரின் வரைபடத்தில் அழுத்த விகிதம் 1.5-க்கும் இந்த நான்கு கிலோவுக்கும் நேரே நல்ல திறமையைக் காட்டும் கம்ப்ரசரே நமக்கானது. நடைமுறையில் அது 1.0 முதல் 1.4 லிட்டர் வரையிலான பெட்ரோல் கார்களில் வரும் சிறிய டர்போவாக இருக்கும்.

பழைய சாமான் கடைகளில் டீசல் கார்களின் டர்போ மலிவாகக் கிடைக்கும். அளவும் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் டீசல் புகையைவிடப் பெட்ரோல் புகை சூடு மிகுந்தது. 900 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டுக்கென வார்க்கப்படாத டர்பைன் வீடு நாளடைவில் விரிசல் விடும். இன்னொரு சிக்கல், இன்றைய பெட்ரோல் டர்போக்கள் பலவற்றின் நடு உடலுக்கு (பேரிங் இருக்கும் பகுதி)த் தண்ணீர்க் குளிர்ச்சி தேவை, நம் வண்டியிலோ தண்ணீர் இல்லை. ஆயிலால் மட்டும் குளிரும் நடு உடலைத் தேடுவது ஒரு வழி; சிறு மின் பம்பும் கைக்கடக்கமான ரேடியேட்டரும் வைத்து டர்போவுக்கென்று மட்டும் ஒரு நீர்ச்சுற்று அமைப்பது மற்றொரு வழி. நான் முதல் வழியில் போனேன். அதற்கு விலையாக, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இரண்டு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டே அணைக்கிறேன். சுடச்சுட அணைத்தால் பேரிங்கில் தேங்கிய ஆயில் கரியாகிவிடும்.

எஞ்சினின் உள்ளே

அமுக்க விகிதத்தை 7.5 அளவில் வையுங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 396 கன செ.மீ. என்பதால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 61 கன செ.மீ. ஆக இருக்க வேண்டும். பிஸ்டன் தலைக்கும் சிலிண்டர் விளிம்புக்கும் இடைவெளி 1.2 மி.மீ. என்றால் அதில் ஏறக்குறைய 7 போகும். ஹெட்டின் அறையில் 54 வேண்டும். விளிம்பு இடைவெளியை மட்டும் ஏற்றி விகிதத்தை இறக்குவது சுலபம்தான், ஆனால் அது பிஸ்டன் உச்சியை அடையும்போது கலவையைக் கசக்கித் தள்ளும் செயலைக் கெடுத்து நாக்கிங்குக்கு (கலவை கட்டுப்பாடின்றித் தானாகவே வெடித்தெரிவது) வழிவகுக்கும். ஹெட்டின் அறையைத் தேய்த்து விரிப்பதே முறை. நான்கு அறைகளையும் ஊசிக்குழலும் மண்ணெண்ணெயும் கொண்டு தனித்தனியாக அளந்து பாருங்கள்.

இந்த எஞ்சினில் சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே கேஸ்கெட் இல்லை; உலோகம் உலோகத்தின் மேல் உட்கார்ந்துதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. எனவே நுண்ணிய கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ஒவ்வொரு சிலிண்டரையும் அதனதன் இடத்தில் சுற்றித் தேய்த்து, முழு வட்டமும் சாம்பல் நிறத்தில் ஒரே சீராகப் பதிகிறதா என்று பாருங்கள். ஹெட்டையும் சிலிண்டரையும் பிடித்திறுக்கும் ஸ்டட்கள் மெக்னீசியக் கலவை உடலில் பூட்டப்பட்டிருப்பதால் மரை பிய்ந்து வருவது வழக்கம். எஃகு மரைக்கூடு வைக்காத உடல் என்றால் இப்போதே லேத் பட்டறையில் வைத்துவிடுங்கள். புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளின் பக்கம் விசாரித்தால் இந்த வேலைக்கு ஆள் கிடைக்கும். இறுக்கும் அளவு 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. ஸ்டட்டுக்கு 32. டர்போ வைக்கிறோமே என்று கூடுதலாக இறுக்காதீர்கள். சூடேறும்போது அலுமினியம் விரிந்து ஸ்டட்டைத் தானே இழுக்கும். அந்த இழுப்புக்கு இடம் வைத்துத்தான் அளவு சொல்லப்பட்டிருக்கிறது.

புகைக்குழாயும் டர்போவின் இருப்பிடமும்

நான்கு சிலிண்டர்களின் குழாய்களையும் எஞ்சினுக்குப் பின்னால் ஒன்றுசேர்த்து, சைலன்சர் இருந்த இடத்தில் டர்போவை நிறுத்துவதே பீட்டிலுக்கு இயல்பான அமைப்பு. 38 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயைப் பயன்படுத்துங்கள். சுவர்த் தடிமன் 2 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். எனக்கு முதலில் செய்து கொடுத்தவர் பளபளப்பான மெல்லிய குழாயில் செய்தார். இரண்டாவது நாளே பற்றவைத்த ஓரத்தில் கீறியது. இடது வலது ஹெட்டுகள் சூடேறும்போது தனித்தனியே நகரும். எனவே ஒருபக்கக் குழாயிலாவது ஒரு நெளிகுழாய் வேண்டும்.

பீட்டில் எஞ்சின் கியர்பாக்ஸின் முனையிலிருந்து பின்னோக்கித் தொங்கும் ஒன்று. டர்போவைத் தாங்கும் கையை எஞ்சின் உடலிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு நுனி எஞ்சினிலும் மறு நுனி வண்டியின் உடலிலும் இருந்தால் முதல் பள்ளத்திலேயே ஏதாவதொன்று முறியும். டர்பைன் வீட்டுக்கு வெப்ப உறை போடுங்கள். அதற்கும் ஆயில், பெட்ரோல் குழாய்களுக்கும் நடுவே ஒரு தகட்டுத் தடுப்பு வையுங்கள். எஞ்சின் உடல் மெக்னீசியம் என்பதை மறக்கக் கூடாது. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயை வளர்க்கும்.

வேஸ்ட்கேட்டுக்கு 0.3 பார் ஸ்பிரிங்கோடு தொடங்குங்கள். கூட்டுவதற்குப் பிறகு எப்போதும் நேரமிருக்கிறது.

ஆயில்: பெரும்பாலோர் சறுக்கும் இடம்

டர்போவின் உள்ளே ஆயில் அழுத்தத்தோடு போகும், நுரையோடு வெளியே வரும். வெளியேறும் ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது. அது தன் எடையால் வழிந்தாக வேண்டும். எனவே திரும்பும் குழாய் குறைந்தது 16 மி.மீ. உள்விட்டத்தோடு, செங்குத்திலிருந்து அதிகம் சாயாமல், எங்கும் தொய்ந்து மேலேறாமல், எஞ்சின் உடலில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். தட்டை எஞ்சினில் டர்போ தாழ்ந்து நிற்பதால் இது பலருக்கு அமைவதில்லை. எனக்கும் அமையவில்லை. பட்டறையில் குழாயை அழகாக வளைத்துக் கொடுத்தார்கள். அந்த வளைவில் ஆயில் தேங்கி, சீல் வழியே டர்பைனுக்குள் கசிந்து, எஞ்சின் மெதுவாக ஓடும்போதெல்லாம் கொட்டகை முழுக்க நீலப்புகை நிறைந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, 'நகராட்சியிலிருந்து கொசு மருந்து அடிக்க வந்திருக்கிறார்களா தம்பி?' என்று கேட்டார். டர்போ சீல் போய்விட்டது என்று முடிவுகட்டி இரண்டாவது டர்போவை வாங்குவதற்கு முன்னால் திரும்பும் குழாயைக் கழற்றிப் பாருங்கள்.

சரிவு கிடைக்காதபோது உறிஞ்சும் பம்பு ஒன்றே தீர்வு. இந்த எஞ்சினின் ஆயில் பம்பு கேம்ஷாஃப்டின் நுனியில் ஓடுகிறது. அதே தண்டில் இரண்டாவது அடுக்காக உறிஞ்சும் பம்பையும் சேர்த்த இரட்டைப் பம்புகள் கிடைக்கின்றன. மின் பம்பைவிட இதை நான் நம்புகிறேன், காரணம் எஞ்சின் ஓடும்வரை இதுவும் ஓடும்.

தொழிற்சாலை அமைப்பில் கம்பி வலை மட்டும்தான் உண்டு. ஆயில் ஃபில்டர் கிடையாது. டர்போ பேரிங்குக்கு அது போதாது. பம்பின் மூடியிலிருந்து ஆயிலை வெளியே எடுத்து, ஃபில்டர் வழியாகவும், வெப்பத்தில் திறக்கும் வால்வு கொண்ட கூடுதல் கூலர் வழியாகவும் அனுப்பி, எஞ்சின் உடலின் முதன்மைப் பாதையில் மரை வெட்டித் திருப்பிவிடுங்கள். கூலரைப் பின்சக்கர வளைவுக்குள் தனி விசிறியோடு வைக்கலாம். எஞ்சின் மூடியின் காற்றுத் துளைகளுக்கு முன்னால் மட்டும் வைக்காதீர்கள். அடியில் ஒன்றரை லிட்டர் கூடுதல் ஆயில் கொள்ளும் தொட்டியும் சேர்த்தால் சூடு ஏறும் வேகம் குறையும். காற்றுப் போக்கிக் குழாயையும் பெரிதாக்குங்கள். எஞ்சின் உடலுக்குள் அழுத்தம் ஏறினால் டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வராது.

காற்றும் பெட்ரோலும் பொறியும்

கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைப்பது பழைய முறை. அதில் இன்டர்கூலர் வைக்க முடியாது, ஏனெனில் அதற்குள் நிற்பது வெறும் காற்றல்ல, எரியக்கூடிய கலவை. டர்போவுக்குப் பின்னால் வைத்தால் கார்புரேட்டரின் எல்லா ஓட்டைகளையும் அடைத்து, பெட்ரோல் அழுத்தம் பூஸ்ட்டோடு (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) சேர்ந்து ஏறும்படி செய்ய வேண்டும். இரண்டும் சாத்தியமே. ஆனால் இன்று 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, அளவாகப் பெட்ரோல் கொடுக்கும் பொறுப்பைக் கார்புரேட்டரிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெட்ரோலின் ஒரு பங்கு முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று தேவையில்லை, சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளக்கும் பழைய ஜெட்டோடு விட்டால் கலவை மெலிந்து, பூஸ்ட் ஏறும் நேரத்தில் பிஸ்டன் உருகும்.

ஆகவே நான்கு இன்ஜெக்டர், ஒரு கணினி, ஒரு அகலப்பட்டை ஆக்சிஜன் உணரி என்று போவது நல்லது. 80 குதிரைத்திறனுக்கு, மூன்று பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 200 முதல் 240 கன செ.மீ. ஊற்றும் இன்ஜெக்டர் தாராளம். தொட்டி முன்னால் இருப்பதால் திரும்பும் குழாய் ஒன்றைப் புதிதாக இழுக்க வேண்டும். பழைய ரப்பர் குழாய் அத்தனையையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள்; எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ரிலேயை அமையுங்கள். பூஸ்ட்டில் கலவை லாம்டா (1 என்றால் சரியளவு, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல்) 0.80 முதல் 0.85 வரை இருக்கட்டும். கூடுதல் பெட்ரோலின் ஒரு பகுதி இங்கே எரிபொருளாக அல்ல, குளிர்விப்பானாகவே செலவாகிறது.

இன்டர்கூலரை மற்றொரு சக்கர வளைவில் வையுங்கள். அது 70 விழுக்காடு திறமையாக வேலை செய்தால் 93 டிகிரிக் காற்று 55 டிகிரிக்கு இறங்கும்.

பொறியைப் பொறுத்தவரை, பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பூஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. கிராங்க் புல்லியில் பல்சக்கரமும் உணரியும் வைத்து நேரத்தைக் கணினியிடம் விடுங்கள். டர்போ இல்லாத எஞ்சின் முழுச் சுமையில், கிராங்க் சுற்றின் கோணத்தில் 28 முதல் 30 டிகிரி முன்னதாகப் பொறி கேட்கும். அரை பார் பூஸ்ட்டில் நான் 20-இல் தொடங்கி 23-இல் நிறுத்தினேன். பயந்துகொண்டு 15-க்குப் போனால் நாக்கிங் வராது. ஆனால் எரிதல் தாமதமாகி, சூடெல்லாம் எக்ஸாஸ்ட் வால்விலும் டர்பைனிலும் இறங்கும். பிளக்கில் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.6 மி.மீ.

முதல் ஓட்டம்

எல்லாவற்றையும் பூட்டியபின், கம்ப்ரசரின் வாயை அடைத்து, பஞ்சர் கடைக் காற்றை அழுத்தக் கட்டுப்பாட்டுக் குழாய் வழியாக 0.3 பாருக்கு ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். பிறகு பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்பையும் பொறியையும் துண்டித்துவிட்டு, டர்போவின் திரும்பும் குழாயில் ஆயில் வருவதைக் கண்ணால் காணும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். வறண்ட பேரிங்கோடு முதல் பத்து வினாடி ஓடினாலே டர்போவின் ஆயுள் பாதி போய்விடும்.

முதலில் ஓட்டும்போது வேஸ்ட்கேட்டைத் திறந்த நிலையில் கம்பியால் கட்டிவிடுங்கள். பூஸ்ட் இல்லாத பகுதியில் கலவை சரியாக அமைந்தபின் கம்பியை அவிழ்த்து, 0.3 பாரில் மூன்றாவது கியரில் சில வினாடி மட்டும் முழுதாக மிதித்து, பதிவான எண்களைப் பார்த்து, பெட்ரோலைத் திருத்தி, மீண்டும் மிதியுங்கள். ஒவ்வொரு மிதிப்புக்கும் இடையே ஹெட்டின் சூடு 160 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருங்கள். இந்தப் பொறுமைக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். பிரேக்கும் கிளட்ச்சும் இதற்கு முன்பே பலப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எஞ்சின் ஆறியபின் ஹெட் ஸ்டட்களின் இறுக்கத்தையும், வால்வு இடைவெளி 0.15 மி.மீ. நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு வால்வின் இடைவெளி மட்டும் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் அந்த வால்வு நீள்கிறது, அல்லது அதன் இருக்கை தேய்ந்து உள்ளே போகிறது என்று பொருள். அது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட்டாக இருந்தால், திரும்பவும் தகடுகளிலிருந்தும் ரப்பர் பட்டையிலிருந்தும் தேடத் தொடங்குங்கள்.